கைகுலுக்க வைத்து அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறக்கும்போது ‘சக மாணவரைக் கேலி செய்ய மாட்டோம்’ என்று பிள்ளைகள் கை நீட்டி உறுதிமொழி எடுக்கும் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. பிறகு ஏதோ ஓர் ஊரில் ஒரு பிள்ளைக்கு வெட்டு விழுந்தால் முதல் பக்கத்தில் செய்தி வருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள சாதாரணப் பள்ளி நாட்களில், ஒரு பிள்ளையை உடன்படிப்பவர்கள் தொடர்ந்து துன்புறுத்துவதைத் தடுக்க என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதக் காணோம். மாணவர் ஆலோசனைப் பணியிலும் விடுதிப் பொறுப்பிலும் இருப்பவர்கள் என்ற முறையில் அதை மட்டும் எழுதுகிறோம். கடிதம் நீளம்தான், பொறுத்தருள வேண்டும்.

ஒரு புகார் வந்தால் பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது இது. தொல்லை கொடுத்தவனையும் தொல்லைப்பட்டவனையும் தலைமையாசிரியர் அறைக்கு ஒன்றாக வரவழைக்கிறார்கள். “உங்க ரெண்டு பேருக்கும் என்னடா பிரச்சினை?” என்று ஒரு கேள்வி. தொல்லைப்பட்டவன் பக்கத்தில் நிற்பவனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்ல சார்” என்கிறான். “சரி, சாரி சொல்லு. கை குடு. ஃபிரெண்ட்ஸா இருங்க.” ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வராந்தாவின் திருப்பத்தில், “சார்கிட்டயா போய்ச் சொன்ன?” என்று அடுத்த அத்தியாயம் ஆரம்பிக்கிறது.

இந்தச் சமாதானப் பஞ்சாயத்து நல்ல மனதோடுதான் செய்யப்படுகிறது. ஆனால் இதைப் போல் கெடுதல் செய்வது வேறெதுவும் இல்லை என்பது எங்கள் கருத்து. காரணம் எளிது. சமாதானம் என்பது சமபலம் உள்ளவர்களுக்கு. இரண்டு நண்பர்கள் கிரிக்கெட் மட்டைக்காக அடித்துக்கொண்டால் ஒன்றாக உட்கார வைத்துப் பேசலாம். ஒருவன் மூன்று மாதமாக இன்னொருவனின் சாப்பாட்டு டப்பாவில் மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தால் அங்கே பேசித் தீர்க்க இரு தரப்பு என்பதே இல்லை.

சண்டைக்கும் துன்புறுத்தலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் போதும். இது திரும்பத் திரும்ப நடக்கிறதா? நோகடிக்க வேண்டும் என்று செய்யப்படுகிறதா? பாதிக்கப்பட்ட பிள்ளையால் தானாக இதை நிறுத்த முடியுமா? இந்த மூன்று அளவுகோல்களையும் வகுத்தவர் நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ். அந்நாட்டின் வடபகுதியில் 1982-ல் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டதை அடுத்து, 1983-ல் அரசே நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்ததே அவருடைய பள்ளித் திட்டம். மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி. வயது, உடல்பலம், ஆள்கட்டு, சாதி, மதிப்பெண், ஊரில் அப்பாவுக்குள்ள செல்வாக்கு என்று பலம் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். அனுபவமுள்ள ஆசிரியருக்கு இன்னொரு குறுக்குவழியும் உண்டு: இருவரும் கோபமாக இருந்தால் அது சண்டை, ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தால் அது சண்டை அல்ல.

தமிழில் இதற்கு நிலைத்த சொல் இல்லாததும் ஒரு தொந்தரவு. ‘கேலி கிண்டல்’ என்றால் இலேசாகிவிடுகிறது. ‘ராகிங்’ என்றால் கல்லூரி நினைவுக்கு வருகிறது. பிள்ளைகளோ ‘ஓட்டுறாங்க’, ‘கலாய்க்கிறாங்க’ என்கிறார்கள். நண்பர்களுக்குள் விளையாட்டாகச் செய்வதற்கும் அதே சொல்தான். ஆகவே ‘கலாய்க்கிறாங்க சார்’ என்று ஒரு பிள்ளை வந்து நின்றால் சொல்லை வைத்து எடைபோடாமல், எத்தனை நாளாக, எங்கே, எத்தனை பேர் என்று கேட்க வேண்டும்.

சரி, பஞ்சாயத்துக்குப் பதில் என்ன செய்வது?

முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளையிடம், அன்றைக்கே, தனியாக. ‘தனியாக’ என்றால் மூடிய கதவுக்குப் பின்னால் அல்ல. வெளியிலிருந்து பார்க்க முடிகிற, ஆனால் பேச்சுக் கேட்காத இடம். வகுப்பு வாசலில் உதவியாளரை அனுப்பிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாற்பது பேருக்கும் விஷயம் தெரிந்துவிடும். நோட்டுக்கட்டு எடுத்துவரச் சொல்வது போல் ஏதாவது வழக்கமான வேலையைச் சாக்காக வைத்து வரவழைக்கலாம். இருபது நிமிடம் ஒதுக்குங்கள். சொல்வதை அவர்களின் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ‘தகாத வார்த்தைகளால் திட்டினான்’ என்று நாகரிகப்படுத்த வேண்டாம், என்ன வார்த்தையோ அதுவே சான்று. “நீ என்ன பண்ணின?”, “ஏன் இவ்வளவு நாள் சொல்லல?” ஆகிய இரண்டு கேள்விகளும் வாயில் வரக் கூடாது. முதலாவது பழியைத் திருப்புகிறது, இரண்டாவது அடுத்த முறை வாயை அடைக்கிறது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம், காப்பாற்ற முடியாது. இன்னாரிடம் சொல்வேன், இன்னாரிடம் சொல்ல மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி கட்டாயம்: “இன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கு எப்படிப் போவ?” 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் 12-ஆம் வகுப்பு மாணவரும் அவருடைய தங்கையும் வெட்டப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. உடன்படித்தவர்களின் தொல்லை குறித்துப் பள்ளிக்குத் தெரியவந்த பிறகே, வீடு புகுந்து அந்தத் தாக்குதல் நடந்தது. புகார் வெளியே தெரிந்ததிலிருந்து அடுத்த நாள் காலை வரைதான் ஆபத்து மிகுந்த நேரம். பிள்ளையை அழைத்துப்போக யார் வருகிறார்கள், எந்தப் பேருந்து, வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டு ஏற்பாடு செய்யாமல் புகாரின் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. மிரட்டல் இருந்தால் காவல் நிலையத்துக்கு அன்றே தெரிவிக்க வேண்டும்.

அடுத்து பார்த்தவர்கள். ஒருவரை மட்டும் கூப்பிட்டால் ‘போட்டுக்கொடுத்தவன்’ யார் என்று தெரிந்துவிடும். எனவே எட்டுப் பத்துப் பேரை, சம்பந்தமே இல்லாத சிலரையும் சேர்த்து, ஒவ்வொருவராக அழைக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவு நேரம். அமைதியாக இருப்பவரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டே போகட்டும்.

அதன் பிறகே தொல்லை கொடுத்தவர்கள். இவர்களை ஒருவர் பின் ஒருவராக, இடையில் பேசிக்கொள்ள முடியாதபடி பார்க்க வேண்டும். ஒருவர் வகுப்புக்குத் திரும்பிப்போய் மற்றவருக்குச் சைகை காட்டிவிட்டால் எல்லாரும் ஒரே கதையைச் சொல்வார்கள். “ஏன் பண்ணின?” என்று தொடங்கினால் வாதம் வளரும், “சும்மா விளையாட்டுக்கு சார்” என்ற பதில் தயாராக இருக்கிறது. அதைவிட, “சைக்கிள் ஸ்டாண்டில் என்ன நடக்குதுன்னு எங்களுக்குத் தெரியும். இன்னையோட நிக்கணும். வர்ற வெள்ளிக்கிழமை திரும்பவும் கூப்பிடுவேன்” என்று தெரிந்ததைச் சொல்லித் தொடங்குவது மேல். குரல் உயர வேண்டியதில்லை. எந்தச் சூழ்நிலையிலும் புகார் சொன்னவரின் பெயரோ எழுத்தோ அந்த மேசைமேல் இருக்கக் கூடாது.

பெற்றோர்களை வெவ்வேறு நாட்களில் அழையுங்கள். ஒரே நாளில் அழைத்து, ஒரே பெஞ்சில் காத்திருக்க வைத்து, வாசலில் கைகலப்பான பிறகு வருந்துவதில் பயனில்லை. சாதிப் பகை உள்ள ஊர்களில் இது பள்ளிப் பிரச்சினையாக வந்து தெருப் பிரச்சினையாகத் திரும்பிப் போகும்.

தண்டனை விஷயத்தில் இரண்டு எல்லைகளும் பயன்படாது. பிரம்படி சட்டப்படியே தடைசெய்யப்பட்டது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் சேர்த்தே தடுக்கிறது. அதோடு, பலமுள்ளவன் பலம் குறைந்தவனை அடிக்கலாம் என்ற அதே பாடத்தைத்தான் பிரம்பும் நடத்துகிறது. மறுபக்கம், டி.சி. கொடுத்து அனுப்புவது தொல்லையை அடுத்த பள்ளிக்கு மாற்றல் செய்வது மட்டுமே. தவிர, டி.சி. உறுதி என்று தெரிந்தால் உடன்படிக்கும் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். சிறியதாக, உடனடியாக, முன்பே அறிவிக்கப்பட்டதாக இருப்பதே வேலை செய்கிறது: பத்துப் பள்ளி நாட்களுக்கு மதிய இடைவேளை முழுவதும் பொறுப்பாசிரியர் கண் பார்வையில் இருப்பது, உடைத்த பொருளுக்கோ பிடுங்கிய காசுக்கோ ஈடு கொடுப்பது, வகுப்புத் தலைவர், அணித் தலைவர் பொறுப்பு இருந்தால் அந்தப் பருவம் முடியும்வரை விலக்குவது. வகுப்புப் பிரிவு மாற்ற வேண்டியிருந்தால் தொல்லை கொடுத்தவரையே மாற்ற வேண்டும். பல இடங்களில் ‘பாதுகாப்புக்காக’ என்று பாதிக்கப்பட்ட பிள்ளையை ‘பி’ பிரிவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இருந்த இரண்டு நண்பர்களும் ‘ஏ’ பிரிவிலேயே தங்கிவிடுவார்கள்.

தொல்லை கொடுப்பவர்களை எல்லாம் சேர்த்து ஒரு அறையில் உட்கார வைத்து அறிவுரை வகுப்பு நடத்துவது இன்னொரு தவறு. அந்த அறையிலிருந்து அவர்கள் நண்பர்களாக வெளியே வருவார்கள். ஒருவர் உத்தியை மற்றவர் கற்றுக்கொள்வார். தனித்தனியாக, தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஒரே ஆசிரியர் பார்த்துப் பேசுவது இதைவிடப் பலன் தரும். இவர்களில் சிலர் வீட்டிலோ விடுதியிலோ தாங்களே அடிபடுபவர்கள் என்பதும் அந்த ஐந்து நிமிடங்களில்தான் தெரியவரும். எல்லாரும் அப்படி என்று எண்ணிவிட வேண்டாம். ஆசிரியர்களுக்குப் பிடித்த, நன்றாகப் படிக்கிற, மேடையில் வரவேற்புரை சொல்கிற பிள்ளையும் இதைச் செய்யலாம். ‘அவனா? இருக்காதே’ என்ற ஒரு வார்த்தையில் எத்தனையோ புகார்கள் செத்துப்போகின்றன.

இவ்வளவும் சரியாகச் செய்த பள்ளிகளும் தவறவிடுகிற ஒன்று உண்டு. அது மறுபார்வை. விசாரணை நடந்த வாரத்தில் எல்லாரும் ஒழுங்காக இருப்பார்கள். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் பழிவாங்கல் வரும். முன்பைவிட மறைவாக வரும். அடி நின்று, ஒதுக்கிவைப்பது தொடங்கும். பேச்சை நிறுத்துவார்கள், உட்கார இடம் கொடுக்க மாட்டார்கள், கபடிக்கு ஆள் பிரிக்கும்போது கடைசிவரை விட்டுவைப்பார்கள். இதைப் புகாராகச் சொல்லப் பிள்ளைக்கு வார்த்தை கிடைக்காது. ஆகவே மூன்றாம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம், மூன்று மாதம் என்று நான்கு தேதிகளை முதல் நாளே பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு தேதியிலும் கேட்க வேண்டியவை மூன்றே: நின்றுவிட்டதா, வேறு வடிவத்தில் நடக்கிறதா, நேற்று மதியம் யாரோடு சாப்பிட்டாய்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலே பெரும்பாலும் உண்மையைச் சொல்லும்.

இனி, புகார் வருவதற்கு முன்னால். துன்புறுத்தல் பள்ளியில் எங்கும் எப்போதும் நடப்பதில்லை. சில இடங்களிலும் சில நிமிடங்களிலும் நடக்கிறது. கழிப்பறை, மாடிப்படித் திருப்பம், தண்ணீர்த் தொட்டியின் பின்புறம், சைக்கிள் ஸ்டாண்டு, சத்துணவு வரிசை, பேருந்தின் கடைசி இருக்கைகள். காலை மணி அடிப்பதற்கு முந்தைய கால் மணி நேரம், இடைவேளை, ஆசிரியர் வராத பாடவேளை, மாலையில் வாசல். உங்கள் பள்ளியில் எவை என்று கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் போதும். பள்ளியின் வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து நகலெடுத்து எல்லாப் பிள்ளைகளிடமும் கொடுங்கள். போகப் பயப்படும் இடத்தில் ஒரு புள்ளி, எந்த நேரம் என்று ஒரு எண். பெயர் எழுத வேண்டாம். நூறு தாள்களைச் சேர்த்துப் பார்த்தால் புள்ளிகள் மூன்று நான்கு இடங்களில் குவிந்திருக்கும். அங்கே ஆசிரியரை நிறுத்துங்கள். நிறுத்துவது என்றால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைபேசி பார்ப்பது அல்ல, நடந்துகொண்டே இருப்பது. இந்த முறைப்பட்டியல் இரண்டு வாரத்தில் படுத்துவிடுவதற்கு ஆசிரியர்களின் அக்கறைக்குறைவு காரணமல்ல; இடைவேளையில்தான் அவர்கள் ‘எமிஸ்’ என்ற கல்வித் துறை இணையதளப் பதிவேற்றமும் நோட்டுத் திருத்தமும் செய்கிறார்கள். அன்றைய காவல் முறை யாருக்கோ அவருக்கு அன்று இணையப் பதிவு வேலை கிடையாது என்று தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்தாலொழிய இந்த முறைப்பட்டியல் நிலைக்காது.

இன்னொரு கருவி பெயரில்லாக் கேள்வித்தாள். ஆண்டுக்கு இரண்டு முறை, ஆகஸ்டு இறுதியிலும் ஜனவரியிலும் நடத்தலாம். ‘உன்னை யாராவது துன்புறுத்துகிறார்களா?’ என்று கேட்டால் இல்லை என்றே வரும். செயலைக் கேட்க வேண்டும். கடந்த இரண்டு மாதத்தில் உன் பொருளை ஒளித்துவைத்தார்களா, உன் பெயரை விட்டு வேறு பெயர் சொல்லிச் சிரித்தார்களா, விளையாட்டில் சேர்க்காமல் விட்டார்களா, காசு கேட்டார்களா, அடித்தார்களா, போனில் உன்னைப் பற்றிப் போட்டார்களா? ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’, ‘ஓரிரு முறை’, ‘மாதம் இரண்டு மூன்று முறை’, ‘வாரம் ஒரு முறை’, ‘அதற்கு மேல்’ என்று ஐந்து கட்டங்கள். மாதம் இரண்டு மூன்று முறை என்ற கட்டத்திலிருந்துதான் ஓல்வியஸ் இதைத் துன்புறுத்தலாகக் கணக்கிட்டார். வகுப்பாசிரியர் அல்லாத ஒருவர் நடத்த வேண்டும். டிக் அடிப்பது மட்டுமே இருக்கட்டும், கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும். தொல்லையே இல்லாத பிள்ளைக்கும் அதே எண்ணிக்கையில் கட்டங்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்து பெஞ்சுக்காரன் பேனா அசைவதை வைத்தே யார் எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொள்வான். பத்துப் பேருக்கும் குறைவான வகுப்பை இன்னொரு வகுப்போடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

முதல் ஆண்டில் எண்ணிக்கை கூடும். நிர்வாகம் பதறி, ‘இதெல்லாம் வேண்டாத வேலை’ என்று நிறுத்துவது இங்கேதான். கூடியது துன்புறுத்தல் அல்ல, சொல்லத் துணிந்தவர்கள். வகுப்புவாரியாக எண்ணை வாசித்து ‘எட்டாம் வகுப்புக்கு வெட்கமாக இல்லையா?’ என்று காலை வணக்கக் கூட்டத்தில் கேட்டால் அடுத்த ஜனவரியில் சுழியம்தான் வரும்.

அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கள் புகாரை எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது தொங்கும் இடத்தைப் பாருங்கள்: தலைமையாசிரியர் அறைக்கு எதிரில், சில பள்ளிகளில் கேமராவுக்கு நேர் கீழே. யார் போய்ச் சீட்டைப் போடுவார்கள்? இதற்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எல்லாப் பிள்ளைகளும் ஆளுக்கொரு சீட்டுப் போட வேண்டும். ஒன்றுமில்லை என்றால் வெற்றுச் சீட்டு, அல்லது ஒரு விடுகதை. நாற்பது சீட்டில் ஒரு சீட்டு மறைந்துகொள்ளும். சாவி இருவரிடம் இருக்கட்டும். ஒருவர் ஆசிரியை, மற்றவர் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர். திறந்த தேதி, சீட்டுகளின் எண்ணிக்கை, எடுத்த நடவடிக்கை மூன்றையும் பதிய வேண்டும். ‘சாவி பழைய ஹெச்.எம். கிட்ட இருக்கு’ என்ற பதிலை மட்டும் ஏற்காதீர்கள்.

வேடிக்கை பார்ப்பவர்களைப் பற்றி ஒரு செய்தி. கனடாவின் டொரன்டோ பள்ளிகளில் கேமராவும் ஒலிவாங்கியும் வைத்துப் பதிவு செய்து, 2001-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 306 சம்பவங்கள் கணக்கிடப்பட்டன. 88 சதவீதத்தில் மற்ற பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். 19 சதவீதத்தில்தான் யாராவது குறுக்கிட்டார்கள். அப்படிக் குறுக்கிட்டபோதோ, பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் பத்து விநாடிக்குள் தொல்லை நின்றுவிட்டது. சிரிப்பவர்கள் இல்லாவிட்டால் இந்த நாடகம் ஓடாது என்பதை வைத்துத்தான் பின்லாந்து ‘கிவா’ என்ற தன் பள்ளித் துன்புறுத்தல் தடுப்புத் திட்டத்தைக் கட்டியது. துர்க்கு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா சல்மிவள்ளி வழிநடத்திய அது 2009 முதல் நாடு முழுவதும் பரவியது.

ஆனால் இதை வைத்து, ‘தைரியமாகத் தட்டிக் கேளுங்கள்’ என்று பிள்ளைகளை முன்னே தள்ளக் கூடாது. அடுத்த அடி அவர்களுக்கு விழும். சின்ன வேலைகளைச் சொல்லிக்கொடுங்கள். சிரிக்காதே. அந்த இடத்தை விட்டு நகர். முடிந்தால், “வாடா, சார் உன்னக் கூப்பிடுறாரு” என்று பொய் சொல்லியாவது அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. பிறகு மதியம் பக்கத்தில் போய் உட்கார். இவற்றை வகுப்பில் இரண்டு இரண்டு பேராக நடித்துப் பழக்க வேண்டும். சுவரொட்டியில் படித்தால் வராது. மாணவர் படை, கண்காணிப்புத் தலைவர் என்று பட்டை குத்தி அதிகாரம் கொடுப்பது வேறு கதை. பல நாடுகளின் தடுப்புத் திட்டங்களைத் தொகுத்து ஆராய்ந்த ஃபாரிங்டனும் டோஃபியும், நல்ல திட்டங்கள் துன்புறுத்தலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைப்பதாகக் கண்டார்கள். மைதானக் கண்காணிப்பும் பெற்றோர் கூட்டங்களும் அந்தக் குறைவோடு சேர்ந்து வந்தன. சக மாணவர்களிடமே பொறுப்பை ஒப்படைத்த இடங்களில் பாதிப்பு கூடியிருந்தது. நம் ஊரில் இதற்குத் தனி ஆய்வு வேண்டாம். ‘பேசியவர்கள்’ என்று கரும்பலகையில் பெயர் எழுதும் வகுப்புத் தலைவன் யார் பெயரை அழிக்கிறான், யார் பெயருக்கு மேல் மேலும் மேலும் கோடு போடுகிறான் என்று ஒரு வாரம் கவனித்தால் போதும்.

ஆசிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லியாக வேண்டும்: பல பட்டப்பெயர்கள் பணியாளர் அறையில் பிறக்கின்றன. நிறத்தை, உடம்பை, திக்குவாயை, அப்பாவின் தொழிலைச் சொல்லி ஆசிரியர் ஒருமுறை சிரித்துவிட்டால் அந்தப் பெயருக்கு முத்திரை விழுந்துவிடும். உதவித்தொகைப் படிவத்துக்காக ‘எஸ்.சி. பசங்க மட்டும் எழுந்து நில்லுங்க’ என்பதும் அப்படியே. அதைத் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல ஒரு பாடவேளை போதும். நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு போன்ற சாதி அடையாளங்களைத் தடுக்கச் சொன்னது பெரிய விவாதமானது. கயிற்றை அறுப்பது வாசலில் ஒரு நிமிட வேலை. வருகைப் பதிவேட்டில் சாதி தெரியாமல் இருப்பது, ஆசிரியர் வாயில் அது வராமல் இருப்பது ஆண்டு முழுக்க வேலை. இந்த இரண்டாவதைப் பற்றி யாரும் விவாதிக்கவில்லை.

விடுதிகள், விளையாட்டு அணிகள், சாரணர் முகாம்கள், நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம், கோயில், தேவாலய இளைஞர் குழுக்கள் ஆகியவற்றில் ஆபத்து இரவில். சீனியர் துணியைத் துவைப்பது, தண்ணீர் பிடித்துக் கொடுப்பது, முதல் இரவில் ‘அறிமுகம்’ என்ற பெயரில் ஆட வைப்பது எல்லாம் ‘எங்களுக்கும் செஞ்சாங்க’ என்று பரம்பரையாக வருகிறது. பயிற்சியாளரே ‘அப்பதான் உரம் ஏறும்’ என்பார். அறை ஒதுக்கீடு வயதுப்படி இருக்கட்டும். குளிக்கும் நேரத்தை வகுப்புவாரியாகப் பிரியுங்கள். மூத்தவருக்குத் தண்டிக்கும் அதிகாரம் எந்தப் பெயரிலும் கூடாது. காப்பாளர் இரவுச் சுற்று வர வேண்டும். தினமும் பத்து மணிக்கே வந்தால் பத்தே காலுக்கு எல்லாம் தொடங்கும், ஆகவே நேரம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது வீட்டோடு யாரும் ஒட்டுக்கேட்காமல் பேச ஒரு போன் வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களின் முதல் பதினைந்து நாட்கள்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்யும். கூடவே, பெரியவர் எவரும் மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்ற விதி பயிற்சியாளருக்கும் காப்பாளருக்கும் பொருந்தும்.

கைபேசி விஷயம். வகுப்புத் தோழியின் முகத்தை வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கிச் சுற்றுக்கு விடுவது, ஒருவரை மட்டும் விட்டுவிட்டுக் குழு தொடங்குவது, போலி இன்ஸ்டாகிராம் கணக்கு. ‘பள்ளி நேரத்துக்கு வெளியே நடந்தது’ என்று பள்ளி கைகழுவ முடியாது, மறுநாள் காலை அதே வகுப்பில்தான் அந்தப் பிள்ளை உட்கார வேண்டும். அழிப்பதற்கு முன் தேதியும் அனுப்பிய எண்ணும் தெரியும்படி திரையைப் படம் எடுத்து வையுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: 18 வயதுக்குட்பட்டவரின் அந்தரங்கப் படம் என்றால் நகல் எடுக்கவோ, ‘சான்றுக்காக’ ஆசிரியர் குழுவுக்கு அனுப்பவோ கூடாது. அதுவே குற்றம். போனை அப்படியே வைத்து நேரே காவல் துறைக்குப் போக வேண்டும். போக்சோ சட்டப்படி பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் புகாரளிப்பது கட்டாயம். பள்ளிக்குள் பேசி முடிக்க யாருக்கும் உரிமை இல்லை.

பெற்றோருக்கு: திங்கட்கிழமை வயிற்றுவலி, திறக்காமலே திரும்பும் சாப்பாட்டு டப்பா, அடிக்கடி தொலையும் பேனா, வழக்கமில்லாமல் கேட்கும் காசு ஆகியவற்றோடு ஒன்றைச் சேர்த்துக் கவனியுங்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வந்து, வீடு நுழைந்ததும் கழிப்பறைக்கு ஓடும் பிள்ளை. ‘நீயும் திருப்பி அடி’ என்று சொல்லி அனுப்பாதீர்கள். பலம் குறைந்தவர் திருப்பி அடித்தால் இரட்டிப்பாக வாங்குவார், விசாரணையில் ‘ரெண்டு பேரும்தான்’ என்றாகிவிடும். எதிர்வீட்டுப் பையனாகவே இருந்தாலும் அவன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டாம். ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், நடந்தது, பார்த்தவர். இரண்டு நகல், ஒன்றில் பள்ளி முத்திரையோடு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து. வாய்ப்புகார் மறக்கப்படும், முத்திரை குத்திய தாள் மறக்கப்படாது. பள்ளி அசையவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் காத்திருக்க வேண்டாம். மனநல உதவிக்கு 14416 இரவிலும் எடுப்பார்கள்.

சட்டத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் அது கடைசிக் கதவு என்பதே. 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்து வந்த 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கல்லூரிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கல்வி நிறுவனம் என்பதற்கு அது தரும் விளக்கம் விரிவானது. விடுதிகளும் அதில் அடங்கும். கேலி செய்வதும் வசைபாடுவதும் அதன் வரையறையிலேயே உள்ளன. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். செய்தவர் 18 வயதுக்குட்பட்டவர் என்றால் இளைஞர் நீதிச் சட்டத்தின் வழிதான். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளையைப் பிற சாதியினர் சாதியைச் சொல்லித் துன்புறுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும். இவற்றைத் தலைமையாசிரியர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பிள்ளைகளிடம் பூச்சாண்டியாகக் காட்டத் தேவையில்லை.

உங்கள் வாசகர்களில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அடுத்த கூட்டத்தில் கட்டடம், கழிப்பறை, குடிநீர் பற்றிப் பேசி முடித்ததும் நான்கு கேள்விகளைக் கேட்கும்படி அவர்களை வேண்டுகிறோம். புகார்ப் பதிவேடு எங்கே? கடைசியாக அதில் எழுதிய தேதி எது? மறுபார்வைத் தேதிகள் நான்கும் நிரப்பப்பட்டிருக்கின்றனவா? பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது? பதிவேடே இல்லை என்றால் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி அன்றைக்கே கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வரலாம்.

இப்படிக்கு,
மாணவர் ஆலோசகர்கள், விடுதிக் காப்பாளர்கள் சிலர்,
திருநெல்வேலி.